கேட்காத அஹ்வால்

பஸ்னி
3 நவம்பர் 1978

மாஜானின் தகப்பனாருக்கு,

இங்கே ஹைர், நலம்தான். அங்கே எப்படி என்று நான் கேட்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டாள் என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். தெரிந்தேதான் கேட்கவில்லை.

நம் மண்ணில் முன்பின் தெரியாத ஒட்டகக்காரன் வந்தாலும், அவன் ஒட்டகம் நம் வேலியைத் தின்றிருந்தாலும், பாயைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, "அஹ்வால் கொடு" என்று கேட்கிறோம். அவனும் முதலில் "ஹைர்" என்று சொல்லிவிட்டு, புறப்பட்ட இடத்திலிருந்து வந்து சேர்ந்த இடம்வரை நடந்ததை நடந்தபடியே ஒப்பிக்கிறான். அஹ்வாலில் பொய் சொன்னவனுக்குப் பிறகு எந்த வீட்டிலும் பாய் கிடையாது. பகையாளியிடம் மட்டும்தான் யாரும் அஹ்வால் கேட்பதில்லை. நான் உங்களிடம் கேட்கவில்லை. புரிந்துகொள்ள வேண்டியதைப் புரிந்துகொள்ளுங்கள்.

வலைப்பங்கை விற்றதும் ஒமான் படையில் சேர மஸ்கட் லாஞ்சில் ஏறப்போவதும் எனக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் அண்ணன் பெண்டாட்டி ஷாரி சொல்லி. சுறாவுக்கு உப்புப் போடுகிற இடத்தில், அத்தனை பெண்களுக்கு நடுவில். "உன் வீட்டுக்காரரு எங்க தம்பிகிட்ட வலையை வித்துட்டாராமே, உனக்குத் தெரியாதா?" என்றாள். "தெரியுமே" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு நான் உப்பிட்ட சுறாவைக் கொழும்பில் யார் சாப்பிட்டார்களோ, பாவம், உப்பு அதிகமாகத்தான் இருந்திருக்கும்.

"மணலா, நானா" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். நான் மணலைக் கட்டிக்கொண்டு அழவில்லை. தெற்கே நாலு எட்டு வைத்தால் கடல். வடக்கே ரோட்டோரம், உங்கள் அண்ணன் தாத்கரீம் புது வீடு கட்டிய இடத்தில் தோண்டினால் கசப்பு. என்றைக்கோ ஒருநாள் பெய்கிற மழையை வாங்கி வயிற்றில் வைத்திருப்பது நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற இந்த மணல்மேடு ஒன்றுதான். அதன் அடியில் நான் தோண்டிய கிணற்றில் வருகிற தண்ணீரை நீங்களும்தான் குடித்தீர்கள். அது மெல்ல மெல்ல வீட்டுப் பக்கம் நகர்கிறது என்பதற்காகத் தண்ணீரை விட்டுவிட்டுப் போகச் சொன்னால் எங்கே போவது?

தந்திக் கம்பத்தில் ஏறி இறங்கிய என் அப்பா எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது இப்படிக் கடிதம் எழுதுவதற்காக இருக்காது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

லாஞ்சை ஓட்டி வருகிற நாகுதா பீரல் கையில் ஒரு பேரீச்சம்பழப் பொதி வரும். கேச்சிலிருந்து என் தம்பி அனுப்பியது. உங்களுக்குக் கொடுக்கச் சொன்னது மாஜான். நான் இல்லை.

கிரானாஸ்


மத்ரா, மஸ்கட்
26 நவம்பர் 1978

கிரானாஸுக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். மாமன் மகள், நண்டு பிடித்து விளையாடிய காலத்திலிருந்து என்னை "டேய் சப்ஸல்" என்று கூப்பிட்டவள், கல்யாணத்தன்று முல்லா முன்னாலேயே என்னை "நீ" என்று சொல்லி அவரைத் தும்ம வைத்தவள். உனக்கு "நீங்கள்" வந்திருக்கிறது என்றால் கோபம் சின்னது இல்லை என்று தெரிகிறது.

எனக்கும் இருக்கிறது. அதையும் கேள்.

நான் கடலுக்குப் பயந்தவன் இல்லை. அலை வரும்போது சத்தம் போட்டுக்கொண்டு வரும், நாம் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த மணல் அப்படி இல்லை. மேற்கு அறையில் படுத்திருந்தால் கூரை ஓலைமேல் அது ஊர்கிற சத்தம் கேட்கும். பூனை நடக்கிற மாதிரி. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் புதிதாக ஒரு சாண். நீ முறத்தால் அள்ளிக் கொட்டுகிறாய், சாயங்காலம் அதே ஒரு சாண். நம் பிள்ளை இதில்தான் வளர வேண்டுமா என்று கேட்டேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். ஒரு ஆம்பிளை பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது, இருந்தாலும் சொன்னேன். நீ சிரித்தாய்.

அன்றைக்கு நீ சிரிக்காமல் இருந்திருந்தால் நான் வலைப்பங்கை விற்றிருக்க மாட்டேன். சொல்லாமல் விற்றது தப்புதான். ஆனால் சிரிப்பவளிடம் எதைப் போய்ச் சொல்வது?

இங்கே வேலை கிடைத்துவிட்டது. உடுப்பு அவர்களே கொடுக்கிறார்கள், நீல நிறம். மாஜான் கேட்டால் சொல். விடிவதற்கு முன்னால் எழுந்து எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அண்ணன் கேட்டால் ஹைர் என்று சொல்லிவிடு, அவனுக்கு அது போதும்.

பொதி வந்தது. மாஜான் கட்டியிருந்தால் முடிச்சு இப்படி விழாது. அது யார் போட்ட முடிச்சு என்று எனக்குத் தெரியும். அவிழ்க்க மனம் வராமல் ஓரத்தைக் கிழித்துத்தான் பழத்தை எடுத்தேன்.

சப்ஸல்


பஸ்னி
19 டிசம்பர் 1978

சப்ஸலுக்கு,

சரி, "நீ" என்றே எழுதுகிறேன். மரியாதை கொடுத்தால் உனக்குச் செரிக்காது.

சிரித்தது உண்மை. நீ பயந்து நான் பார்த்ததே இல்லை. புயலில் பாய் கிழிந்து வந்த அன்றுகூட "பசிக்குது" என்றுதான் சொன்னாய். அப்படிப்பட்டவன் வாயில் பயம் என்ற சொல் வந்ததும் எனக்கு உள்ளே ஏதோ நழுவியது. அழுதிருக்க வேண்டும். சிரிப்பு முந்திக்கொண்டது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் முகம் கறுத்ததைப் பார்த்ததும் எனக்கும் வீம்பு வந்துவிட்டது. மன்னித்துவிடு.

ஆனால் மணலைத் திட்டாதே. கடல் ஊருக்குள் ஏறி வந்த வருஷம், உன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அத்தை ஓடி ஏறியது எங்கே? இந்த மேட்டில்தான். கீழே இருந்த வீடுகள் எல்லாம் போன பிறகு, மிஞ்சியவர்கள் அதன் காலடியில் வந்து குடியேறினார்கள். நீ உயிரோடு இருந்து மணலைத் திட்டுவதே அந்த மணல் புண்ணியத்தில்.

மேற்கு அறை போய்விட்டது. பதறாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கூரை முனக ஆரம்பித்ததுமே மரங்களையும் ஓலைப்பாய்களையும் உருவி எடுத்துவிட்டேன். அதையே கொண்டுபோய்க் கிழக்குப் பக்கம் ஓர் அறை போட்டாயிற்று. அது ஒரு முழம் வந்தால் நாமும் ஒரு முழம் தள்ளிக் கட்டினால் போயிற்று. கிணற்றைத்தான் நகர்த்த முடியாது. அதற்கு அடி வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வாயை உயர்த்திக்கொண்டே போகிறேன். "அம்மா, அடுத்த வருஷம் தண்ணி எடுக்க ஏணி வாங்கணும்" என்கிறாள் மாஜான். வாய் உன்னுடையது.

உன் அண்ணன் தாத்கரீமுக்கு இப்போது கால் தரையில் பாவவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, "எங்க தம்பி ஒமான் படைல, நீல உடுப்பு, காலைல அணிவகுப்பு" என்று வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்திச் சொல்கிறார். கராச்சியிலிருந்து ஐஸ் ஏற்றி வருகிற லாரிக்காரனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

நானும் நம்பினேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு தடவை படிக்க விரித்தபோது மடிப்பில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. விளைமீன் செதில். மாஜானின் நகம் அளவு இருக்கும். சாப்பிடும்போது விழுந்தது என்று சொல்லாதே. சமையலுக்கு வருகிற மீன் செதில் சீவித்தான் வரும். அது மட்டும் இல்லை, காகிதம் முழுக்கவே அந்த வாசனை. எத்தனை வருஷம் உன் சட்டையைத் துவைத்தவள் நான், சப்ஸல். எந்தப் படையில் துப்பாக்கிக்குப் பதில் விளைமீன் கொடுக்கிறார்கள்?

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் இதைப் படிக்கும்போது எங்கே நிற்கிறாயோ அங்கேயே உட்கார். கொஞ்சம் தண்ணீர் குடி.

இப்போது கேட்கிறேன். அஹ்வால் கொடு.

கிரானாஸ்


மத்ரா
14 ஜனவரி 1979

கிரானாஸ்,

ஹைர்.

கேட்டுவிட்டாய். இனி ஒளிக்க வழியில்லை. முறைப்படியே சொல்கிறேன்.

பஸ்னியிலிருந்து லாஞ்சு கிளம்பியது. கடல் நன்றாக இருந்தது. படைக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு மறுநாளே போனேன். மார்பு அளந்தார்கள், சரி என்றார்கள். ஓடச் சொன்னார்கள், ஓடினேன். கடைசியில் கண் டாக்டர். சுவரில் ஒரு அட்டையைக் காட்டி அதில் இருக்கிற அடையாளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டார். இடது கண்ணால் சொன்னேன். வலது கண்ணால் எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. சதை வளர்ந்திருக்கிறதாம். கடல் வெயிலில் கிடக்கிறவனுக்கு வருமாம். "அடுத்தவன்" என்று கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் துறைமுகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மீன் சந்தையில் சுமை தூக்க ஆள் கேட்டார்கள். அதுதான் என் வேலை. நீல உடுப்பு பொய் இல்லை. மீன்நீர் மேலே வழியாமல் இருக்க முன்னால் கட்டுகிற ரப்பர் துணி. வரிசையில் நிற்பதும் பொய் இல்லை. படகு வரும்போது சுமைகாரர்கள் வரிசையில்தான் நிற்கிறோம். எதையும் பொய்யாக எழுதவில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் பொய்யாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். அது பொய்யைவிடக் கேவலம்.

சொந்தமாக வலைப்பங்கு வைத்திருந்தவன், இங்கே ஏலக்காரன் விசில் ஊதினால் ஓடுகிறேன். மற்றவன் பிடித்த மீன் என் தலைமேல். வலைகள் போட்டுவைக்கிற கொட்டகையில் படுக்கை. உன் கடிதத்தை அங்கே உட்கார்ந்துதான் படித்தேன், உட்கார் என்று நீ எழுதியபடியே.

திரும்பி வந்துவிடு என்று எழுதுவாய். முடியாது. கரையில் இறங்கியதும் அண்ணன் பாயைப் போட்டு, ஊரைக் கூட்டி உட்காரவைத்து, "அஹ்வால் கொடு" என்பான். அவனிடம் பொய் சொல்ல நாக்கு வராது. உண்மையைச் சொல்லவும் வராது. டீக்கடையில் அவன் ஊதிய ஊதலுக்குப் பிறகு, அத்தனை பேர் முகத்தைப் பார்த்து, கண்ணு போச்சு, மீன் சுமந்தேன், வலையும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஒரு பங்கு வாங்குகிற அளவுக்குச் சேர்த்துக்கொண்டுதான் வருவேன். எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாது. அதுவரை நீ பொறுத்துக்கொள். பொறுக்க முடியாவிட்டால் அதையும் சொல்லிவிடு, உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பிய அன்று நீ ஆட்டுக்குத் தழை போடப் போனபோது உன் கிணற்றில் ஒரு புட்டி மொண்டு மடியில் வைத்துக்கொண்டேன். லாஞ்சில் பீப்பாய்த் தண்ணீர் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. கரை தெரிகிறவரை உன் தண்ணீரையே வாய் வாயாகக் குடித்தேன். சண்டை போட்டுவிட்டு வந்தவன் செய்கிற காரியமா இது? யாரிடமும் சொல்லிவிடாதே.

சப்ஸல்


பஸ்னி
8 பிப்ரவரி 1979

என் சப்ஸலுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டேன். எல்லாரிடமும், எல்லாவற்றையும். புட்டித் தண்ணீரைத் தவிர. அது என்னுடையது.

நடந்ததைக் கேள். லாஞ்சு வந்ததும் உன் கடிதம் வந்த சேதி உன் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்குக் கூப்பிட்டார். போனால் பாய் விரித்து, தெரு ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் வலைப்பங்கை வாங்கிய ஷாரியின் தம்பியும் இருந்தான். பெண்கள் திரைக்குப் பின்னால்.

"தம்பி அங்க இருக்கான், அவன் வாய் இங்க நீதாம்மா," என்றார் உன் அண்ணன். "எல்லாரும் ஆசையா வந்திருக்காங்க. அவன் அஹ்வாலைக் கொடு."

"ஹைர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவரும் விட்டிருப்பார். ஆனால் எனக்கு உன் கொட்டகை ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டிய இந்த நாலு வார்த்தைக்குப் பயந்துதான் நீ வருஷக்கணக்காக அங்கே கிடக்கப் போகிறாய். ஏற்கெனவே மீன் சுமக்கிறாய், இதை வேறு நீ எதற்குச் சுமக்க வேண்டும்? நான் சுமந்தால் என்ன?

லாஞ்சு கிளம்பியதிலிருந்து ஆரம்பித்தேன். கண் டாக்டர், ரப்பர் துணி, ஏலக்காரன் விசில், கொட்டகை. நீ எழுதிய வரிசையிலேயே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. கையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஷாரியின் தம்பி, "அப்போ ஒமான் படைல மீனுக்குத்தான் சல்யூட் அடிக்கணுமா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

உன் அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "அஹ்வாலுக்கு நடுவுல சிரிக்கிறவன் எந்திரிச்சு வெளிய போகலாம். நீ சொல்லும்மா," என்றார். அவன் எழுந்து போய்விட்டான். நான் முடித்தேன்.

முறைப்படி அவர் "ஹைர்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டவர் தன் அஹ்வாலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் இல்லையா? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாடியைத் தடவினார்.

"ஹைர்," என்றார். "ரோட்டோரம் வீடு கட்டுனேன். தண்ணி கசக்குது. ஆடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்புது. எங்க வீட்டுக்காரி இருட்டினப்புறம் கிரானாஸ் கிணத்துலதான் மொண்டுட்டு வர்றா. தம்பி பொண்டாட்டிகிட்ட கேக்க வெக்கம். இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல."

திரைக்குப் பின்னால் ஷாரிக்கு இருமல் வந்தது பார், நிற்கவே இல்லை. எனக்கு முன்பே தெரியும். காலையில் கிணற்றைச் சுற்றி அவள் செருப்புத் தடம் கிடக்கும். வாளியை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

எல்லோரும் போன பிறகு உன் அண்ணன் வாசல்வரை கூடவே வந்தார். "வரமாட்டேன்னு எழுதியிருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நான் கேப்பேன்னு பயந்தா?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

"எங்கப்பா மீன் சுமக்கலையா? சுமந்துதானே எங்களை வளத்தாரு." என்றார். கொஞ்ச தூரம் நடந்து வந்து, "நான் அவ்வளவு மோசமாவா கேக்குறேன், கிரானாஸ்?" என்றார். அந்த மனிதர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன், சப்ஸல்.

உன்னைக் கேட்காமல் செய்தேன். சொல்லாமல் வலையை விற்றவனுக்குச் சொல்லாமல் அஹ்வாலைக் கொடுத்தவள் ஜோடிதான். கோபம் வந்தால் "நீங்கள்" என்று எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேட்டுக்கொள். உன் அஹ்வால் கொடுத்தாகிவிட்டது, வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கொடுத்து முடிந்ததை மறுபடி கேட்பது நம்மிடம் வழக்கம் இல்லை. நீ கரையில் இறங்கினால் உன்னைக் கேட்க யாருக்கும் எதுவும் மிச்சமில்லை.

என்னைத் தவிர. எனக்கு அது போதவில்லை. இருமல் இருக்கிறதா, தோள் வலிக்கிறதா, குளிருக்கு என்ன போர்த்துகிறாய், எதையும் நீ எழுதவில்லை. பொறுக்க முடியாவிட்டால் சொல் என்று எழுதியிருந்தாய். முடியவில்லை. நீ சொன்ன அர்த்தத்தில் இல்லை. நீ இல்லாமல் முடியவில்லை.

பருவக்காற்று வந்து கடல் மூடுவதற்கு முன் வா.

கிரானாஸ்


மத்ரா
2 மார்ச் 1979

கிரானாஸ் அவர்களுக்கு,

நீங்கள் செய்தது பெரிய அக்கிரமம். ஒரு மனிதனின் மானத்தை வெள்ளிக்கிழமை நடுக்கூடத்தில் பாய் போட்டு விரித்துவிட்டீர்கள். கடிதத்தைப் படித்ததும் கசக்கிக் கடலில் எறியப் போனேன். எறிந்திருந்தால் அண்ணன் அழுத இடம்வரை படித்திருக்க மாட்டேன்.

இதற்குமேல் "நீங்கள்" எனக்கு வரவில்லை. நீ எப்படித்தான் ஒரு கடிதம் முழுக்க எழுதினாயோ.

படித்த பிறகு கொட்டகையில் வலைக் குவியல்மேல் சாய்ந்தவன், விசில் ஊதியதுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டேன். இங்கே வந்த நாளிலிருந்து எனக்கு அப்படி ஒரு தூக்கம் கிடையாது. எழுப்பியவன், "யாரு செத்தா, இப்படித் தூங்குற?" என்றான். "யாரும் சாகலை, என் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா," என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

அண்ணன் நாகுதாவிடம் தனியாக ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறான். அண்ணனுடைய மீன்படகில் ஓர் ஆள் குறைகிறதாம், கண் எதற்கு, கை இருந்தால் போதுமாம். ஷாரியின் தம்பியோடு ஒரே படகில் போக வேண்டியிருக்கும். போகிறேன். சல்யூட் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்.

மணல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வந்ததும் பிடித்துவிடும் என்று நினைக்காதே. சத்தம் கேட்டால் பயப்படுவேன், பயந்தால் சொல்லுவேன், நீ சிரிப்பாய். பரவாயில்லை. கிழக்கே அடுத்த அறையை நான் கட்டுகிறேன். நீ போட்டது நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தோள் வலிக்கிறது. இருமல் இல்லை. குளிருக்குப் பாய்த்துணி போர்த்துகிறேன். மற்றதை வந்து சொல்கிறேன்.

பீரலுடைய அடுத்த லாஞ்சில் ஏறுகிறேன். அலை இருந்தால் லாஞ்சைத் தள்ளியே நிறுத்துவார்கள், முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்துதான் வர வேண்டும். மஸ்கட்டிலிருந்து இறங்குகிறவன் எல்லாம் தோளில் ரேடியோவும் தலையில் கம்பளி மூட்டையுமாக இறங்குவான், ஊரே கரையில் நின்று எண்ணும். என்னிடம் அப்படி எதுவும் இருக்காது. மாஜானைத் தண்ணீர் ஓரம்வரை கூட்டிக்கொண்டு வா. அவளைத் தூக்கிக்கொள்ள எனக்கு இரண்டு கையும் காலியாக இருக்கும்.

சப்ஸல்